ரோஷக்கிருமி

ரோஷம் குடலிலிருந்து வருகிறது என்று எங்கள் டாக்டர் நம்பிராஜன் கண்டுபிடித்தபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன். மேசைமேல் அவருடைய டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. திரையில் அறுபது பெண்களின் எண்கள் வரிசை வரிசையாக நின்றன. “எப்சிபா, இது சின்ன விஷயமில்ல” என்றார். பதினெட்டு வருடத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது அன்றோடு மூன்றாவது முறை. மற்ற நாட்களில் “ஹலோ”தான்.

நான் அந்த ஆய்வகத்தில் டெக்னீஷியன். வயது நாற்பத்தேழு. என் வேலையில் முக்கால் பங்கு மற்றவர்களின் மலத்தைக் கலக்கி, வடிகட்டி, உறைய வைப்பது. கல்யாண வீட்டில் இதைச் சொன்னால் பக்கத்து நாற்காலி உடனே காலியாகிவிடும். மீதிக் கால் பங்கு “சரி சார்” சொல்வது. இரண்டிலுமே கெட்டிக்காரி என்று பேரெடுத்திருந்தேன்.

இது நடந்தது தூத்துக்குடியில், 2039-ல். அதற்குள் குடல் கிருமிகளைப் பற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரிந்துவிட்டது. ஒவ்வொருவர் வயிற்றுக்குள்ளும் ஓர் ஊரே குடியிருக்கிறது. நாம் தின்பதில் முதல் பங்கு அந்த ஊருக்குத்தான். சர்க்கரை ஏறுவது, கொழுப்பு சேர்வது, நேரங்கெட்ட நேரத்தில் பசிப்பது, காரணமில்லாமல் எரிச்சல் வருவது என்று பலதும் பாதிக்குப் பாதி அந்த ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது. நோயாளியின் வயிற்றில் வேறொரு நல்ல ஊரைக் குடியேற்றினால் என்ன என்பதுதான் எங்கள் டாக்டரின் கேள்வி.

அதற்கு ஆளும் கிடைத்தார். கடலுக்குப் போகிற மனிதர், வயது அறுபத்திரண்டு. ஆயுளில் ஒரு மாத்திரை விழுங்கியதில்லை. ஐந்து பரோட்டாவைச் சால்னாவோடு உள்ளே தள்ளிய பிறகும் அவர் ரத்தத்தில் சர்க்கரை நூற்றிருபதைத் தாண்டவில்லை. அவர் கொடுத்ததை நான் பக்குவம் செய்து கேப்சூலில் அடைத்தேன். இனி அதை விழுங்கிப் பார்க்க நோயாளிகள் வேண்டும்.

புறவழிச்சாலையில் இருந்த இறால் ஏற்றுமதி ஆலை சம்மதித்தது. அங்கே இறால் உரிக்கிற பெண்களில் அறுபது பேருக்குச் சர்க்கரை. காலை ஏழு மணிக்கு ஐஸ் தண்ணீர்த் தொட்டி முன்னால் நிற்கத் தொடங்கினால் ஒரு மணிச் சாப்பாட்டுக்குத்தான் உட்காரலாம். ஆலைக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை ஏறிய கை மெதுவாக உரிக்கிறது, அவ்வளவுதான்.

ஆலையில் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு கைப்பட்டை உண்டு. அது சர்க்கரையைக் காட்டும். கூடவே ‘இணக்க எண்’ என்று ஒன்றையும் காட்டும். சூப்பர்வைசர் சொன்னதும் கை எத்தனை நொடியில் நகர்கிறது, இடைவேளை முடிந்து எத்தனை நிமிடத்தில் திரும்புகிறார்கள், எத்தனை தடவை எதிர்க்கேள்வி கேட்கிறார்கள் என்பதையெல்லாம் கூட்டிக் கழித்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். அந்த ஆலையின் சராசரி தொண்ணூற்று மூன்று. வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு. சாப்பாட்டுக் கூடத்தில் அறுபது பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். “உங்களில் பாதிப் பேருக்குக் கிருமி உள்ள கேப்சூல், பாதிப் பேருக்கு வெறும் மாவு அடைத்த கேப்சூல் தரப்படும். யாருக்கு எது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது” என்று படித்தேன்.

முன்வரிசையில் ஒரு காலில் செருப்பும் மறு காலில் துணிக்கட்டுமாக இருந்த அம்மாள் கையைத் தூக்கினார். பெயர் பேச்சித்தாய். ஐம்பத்திரண்டு வயது.

“சிஸ்டர், வெறும் மாவுங்கியளே, அது எதுக்கு?”

“ஒத்துப் பாக்கத்தான் யக்கா. அப்பதான் மருந்து வேலை செஞ்சுதான்னு தெரியும்.”

“அப்பம் பாதிப் பேருக்கு நோவு அப்படியே கெடக்கும். அதையும் பாத்து எழுதிக்கிடுவிய.”

“அதுதான் முறை.”

“ஒரே பந்தியில உக்கார வச்சு, ஒரு எலைக்குச் சோறு, அடுத்த எலைக்கு மண்ணு. ரொம்ப நல்ல முறை!”

கூடம் முழுக்கச் சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. முறையை நான் உண்டாக்கவில்லையே என்று உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

“வேற என்ன கட்டுப்பாடு இருக்கு?” என்று கேட்டார் பேச்சித்தாய்.

“சாப்பிட்ட பொறவு முழுங்கணும். ஆய்வுல சேராத வெளி ஆளுக்குக் குடுக்கக் கூடாது.”

“வெளி ஆளுக்குக் குடுக்கக் கூடாது. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான் யக்கா.”

அவர் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்துவந்து முதல் கையெழுத்தைப் போட்டார். மற்றவர்களும் சட்டுச்சட்டென்று போட்டுவிட்டார்கள். வேலை சீக்கிரம் முடிந்ததே என்று நான் சந்தோஷமாகப் பஸ் ஏறினேன். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. படித்தவளின் மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

திங்கட்கிழமைதோறும் ஆளுக்கொரு குப்பி. குப்பிக்கு ஏழு கேப்சூல். அவரவர் எண் ஒட்டியிருக்கும். நான் ஆலை வாசலில் கொடுத்துவிட்டு வருவேன். அடுத்த திங்கட்கிழமை அறுபது காலிக் குப்பிகளும் கழுவித் துடைத்து ஒரே துணிப்பையில் எனக்காகக் காத்திருக்கும். ஜெபராணி என்கிற பெண் கொண்டுவந்து தருவாள். இவ்வளவு ஒழுங்கான நோயாளிகளை நான் பார்த்ததே இல்லை என்று டாக்டரிடம் மெச்சினேன்.

பன்னிரண்டு வாரம் கழித்து எண்கள் வந்தன. முப்பது பேருக்காவது சர்க்கரை இறங்கினால் போதும் என்று வேண்டிக்கொண்டிருந்தோம். அறுபது பேருக்கும் இறங்கியிருந்தது. பேச்சித்தாயின் இடது பாதத்தில் எட்டு மாதமாக ஆறாத புண். கணுக்காலுக்கு மேல் எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் தேதிகூடக் குறித்துவிட்டார்கள். முந்நூற்று நாற்பதில் நின்ற அவருடைய சர்க்கரை நூற்று ஐம்பதுக்கு வந்திருந்தது. உள்ளங்கை அகலப் புண் பெருவிரல் நகமளவுக்குச் சுருங்கியிருந்தது. அந்த அம்மாள் புண்ணைப் படமெடுத்து அனுப்பும்போதெல்லாம் நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

ஆனால் இறங்கியது சர்க்கரை மட்டுமில்லை. இணக்க எண்ணும் இறங்கியிருந்தது. தொண்ணூற்று மூன்றிலிருந்து அறுபத்தொன்று.

என்ன செய்தார்கள் என்று கேட்டால் சிரிப்பு வரும். பதினோரு மணிக்குத் தொட்டியைவிட்டுக் கையை எடுத்து, கழுவி, அறுபது பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்து அவித்த பாசிப்பயறு தின்றார்கள். ஏழு மணியிலிருந்து ஒரு மணிவரை வெறும் வயிற்றோடு நின்றால் சர்க்கரைக்காரருக்குத் தலை சுற்றும். சூப்பர்வைசர் கத்தினான். அறுபது பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்கள். “பத்து நிமிசம். தின்னுட்டு எந்திரிக்கோம்” என்றார் பேச்சித்தாய். மெல்லுவதை யாரும் நிறுத்தவில்லை. மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும்.

இதைத்தான் டாக்டர் நம்பிராஜன் ரோஷம் என்று கண்டுபிடித்தார்.

“குடலுக்கும் மூளைக்கும் நேரா ஒரு நரம்பு ஓடுது, எப்சிபா. கிருமிங்க அது வழியா சேதி அனுப்பும். எலிகள்ல பாத்தாச்சு. துணிஞ்ச எலியோட கிருமியைப் பயந்த எலிக்குக் குடுத்தா அதுவும் துணிஞ்சு வெளிய வரும். அந்தக் கடல்காரர் புயலுக்கே பயப்படாத ஆளு. அவரோட தைரியம் இந்தப் பொம்பளைங்களுக்குள்ள இறங்கியிருக்கு.”

“சரி சார்” என்றேன். சொல்லும்போதே மனம் ஒப்பவில்லை. என் அம்மாவும் இறால் உரித்தவள்தான்.

“ஆனா சார், பாதிப் பேருக்கு வெறும் மாவுதானே குடுத்தோம்?”

“அதான் விஷயமே! ஒரே தொட்டியில கை விடுறாங்க, ஒரே டம்ளர்ல தண்ணி குடிக்கிறாங்க. ஒருத்தர்கிட்டயிருந்து ஒருத்தருக்குத் தாவியிருக்கு. ரோஷம் தொத்துது, எப்சிபா!” என்று நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார்.

தொத்துகிறது என்ற சொல் மறுநாள் காலை ஆலையின் மேனேஜர் தங்கவடிவேல் காதில் விழுந்தது. மத்தியானத்துக்குள் அவர் எங்கள் ஆய்வகத்தில் இருந்தார். அவர்களுக்கு இன்னும் இரண்டு ஆலைகள் உண்டு. மொத்தம் ஆயிரத்தெண்ணூறு பெண்கள். அத்தனை பேரும் பதினோரு மணிக்குப் பயறு தின்பதை அவர் மனக்கண்ணில் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. கைக்குட்டையை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

“டாக்டர் சார், ஒடம்புக்கு மருந்து குடுங்கன்னு சொன்னா நீங்க திமிருக்கு மருந்து குடுத்திருக்கிய. இதைக் கொல்ல வழி இருக்கா?”

“ஏழு நாள் ஆன்டிபயாடிக் குடுத்தா குடலையே கழுவி விட்ட மாதிரி ஆயிரும். ஆனா சர்க்கரை பழையபடி ஏறிடும்.”

“அதைப் பொறவு பாத்துக்கிடலாம்.”

டாக்டர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் உடனே தலையாட்டவில்லை. ஆனாலும் ஆய்வுக்கு இடம் கொடுத்தது ஆலை. வேண்டாத விளைவு தெரிந்தால் கழுவிவிடலாம் என்று ஒப்பந்தத்திலும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஆசை அவர் கண்ணில் மின்னியதை நான் பார்த்தேன். “கழுவினதும் அவங்க பழையபடி அடங்கிட்டாங்கன்னா, நான் சொன்னது நிரூபணம் ஆயிரும்” என்றார் மெதுவாக. கழுவ மறுப்பவர்களுக்கு வேலை இல்லை என்றார் மேனேஜர். ஆய்வுகளின் அறநெறிக் குழு வியாழக்கிழமை கூடி முடிவு செய்யும் என்றாயிற்று.

குழுவுக்காக, யாருக்கு எந்தக் கேப்சூல் என்று எழுதி முத்திரையிட்டு வைத்திருந்த உறையைச் சனிக்கிழமை பிரித்தோம். டாக்டர் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு பெயரில் நின்றார். பேச்சித்தாய், வெறும் மாவு. “பாத்தீங்களா? மாவு சாப்பிட்டவங்களுக்கே ரோஷம். தொத்துதுன்னு இதைவிட எப்படி நிரூபிக்க முடியும்?” என்றார். ரோஷம் தொத்தலாம், சரி. ஆனால் டம்ளரில் தாவிய கிருமி எட்டு மாதப் புண்ணையும் ஆற்றுமா? எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை.

குழு முடிவு செய்கிறவரை கேப்சூல் நிற்கவில்லை. திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல ஆலை வாசலில் குப்பிகளைக் கொடுத்தேன். கழுவப் போகிற சேதியை முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று அன்று திரும்பிவிடாமல் மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்துக்கே போனேன். சாப்பாடு முடிகிற நேரம். நான் வாசற்படியில் நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

ஜெபராணி நடுவில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை வைத்தாள். அறுபது குப்பிகளையும் டப் டப்பென்று திறந்து அதற்குள் கொட்டினார்கள். அவள் மூடியைப் போட்டு நன்றாகக் குலுக்கினாள். பிறகு வாளி வரிசையாக நகர்ந்தது. ஒவ்வொருத்தியும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையை விட்டு, ஏழு எண்ணி எடுத்து, தன் குப்பியில் போட்டுக்கொண்டாள். கடைசியாக வாளி பேச்சித்தாயிடம் வந்தது. அவருக்கு மிச்சமிருந்தது சரியாக ஏழு.

“யக்கா, என்ன செய்யுதிய?” என்றேன்.

அறுபது முகமும் திரும்பின. பேச்சித்தாய் கொஞ்சமும் பதறவில்லை. “பங்கு வைக்கோம் சிஸ்டர். நல்லதும் மாவும் கலந்து கெடக்கும். ஒரு வாரம் அஞ்சு நல்லது விழும், ஒரு வாரம் ரெண்டுதான் விழும். பன்னெண்டு வாரத்துல எல்லாருக்கும் ஒண்ணு போல வந்துருமில்லா?”

“எப்பமிருந்து?”

“மொத நாளுலேருந்துதான். நீங்க அந்தக் கடுதாசியை வாசிக்கும்போதே கண்ணாலயே பேசி முடிச்சிட்டோம்.”

“எங்கிட்ட சொல்லலியே!”

“நீங்க கேக்கலியே!”

ஜெபராணி முன்னால் வந்தாள். “யக்கா, வெளி ஆளுக்குத்தான் குடுக்கக் கூடாதுன்னு சொன்னிய. எங்கள்ல யாரு வெளி ஆளு?”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வார வேலை அந்தத் தூக்குவாளிக்குள் போயிருந்தது. கோபம்தான் வரவேண்டும். வரவில்லை. எனக்குக் கண் கலங்கியது, பெருமையில்தான். உலகத்தில் எத்தனையோ ஊரில் எத்தனையோ பேரிடம் இதே படிவத்தை வாசித்திருப்பார்கள். அடுத்தவளுக்கு மாவு போகிறதே என்று கை நீட்டிய அறுபது பேர் இங்கேதான் இருக்கிறார்கள். என் அம்மா இருந்திருந்தால் அவளும் இந்த வரிசையில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளிக்குள் கை விட்டிருப்பாள்.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னேன். ஏழு நாள் மருந்து, கழுவல், மறுத்தால் வேலை இல்லை. பேச்சித்தாய் தன் இடது பாதத்தைக் குனிந்து பார்த்தார்.

“கழுவினா காலு போயிரும், என்ன?”

“போயிரும் யக்கா.” பொய் சொல்ல வாய் வரவில்லை.

“இந்த வாளிச் சமாச்சாரத்தை அங்க சொன்னா?”

“கடல்காரரோட தைரியம் ஒங்களுக்குள்ள வந்துட்டுன்னு டாக்டர் சொல்லுதாரு. அது இல்லைன்னு ஆகும். ஆனா ஆய்வைக் கெடுத்துட்டிய, வெளிய போங்கன்னும் சொல்லலாம். அப்பம் கேப்சூலும் நின்னு போகும்.”

நான் இரண்டாவதாகச் சொன்னதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “என்னது? யாரோட தைரியம்?”

திரும்பச் சொன்னேன். கூடம் குலுங்கிச் சிரித்தது. பேச்சித்தாய் சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்திருந்தது.

“இருவத்தாறு வருசமா இந்த ஐஸ் தண்ணியில நின்னு மூணு பிள்ளைகளக் கரையேத்துனவ நான். புருசன் படுத்த படுக்கையா கெடந்தப்பவும் ஒரு நாளு வேலைக்கு வராம இருந்ததில்ல. அப்பமெல்லாம் இல்லாத தைரியத்தை இப்பம் எவரு வயித்துலேருந்தோ எடுத்துக் குடுத்தாராமா? சர்க்கரைக்கு மருந்து குடுத்தாரு, அதுக்குக் கையெடுத்துக் கும்பிடுதேன். இது என்னோடது. இதுக்கு எவரும் சொந்தம் கொண்டாட வேண்டாம்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “எப்படிப் போனாலும் காலு போவும்னா, சொல்லிட்டே போவட்டும்.”

மறுநாள் ஆய்வகத்தில் நான் செய்த காரியத்தை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. டாக்டர் எல்லாவற்றையும் மாதச் சராசரியாகத்தான் பார்த்திருந்தார். நான் கைப்பட்டைக் கணக்கை நாள் நாளாகப் பிரித்தேன். முதல் குப்பி கொடுத்த திங்கட்கிழமையிலேயே விடை கிடைத்துவிட்டது. அன்று சாப்பாட்டு இடைவேளை முடிந்து அறுபது பேரும் நாலு நிமிடம் தாமதமாகத் திரும்பியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் அப்படி ஒரு நாள்கூட இல்லை. அதற்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் அதே நாலு நிமிடம். வாளி சுற்றிவர ஆகிற நேரம். பதினோரு மணிப் பயறு தொடங்கியது ஒன்பதாம் நாள்.

வியாழக்கிழமை காலை குழு கூடியது. தலைமையில் ஓய்வுபெற்ற நீதிபதி சௌந்தரவல்லி. அறுபது பேர் சார்பில் பேச்சித்தாய் வந்திருந்தார். கட்டு மெலிந்து, அன்றைக்குத்தான் இடது காலிலும் செருப்பு ஏறியிருந்தது. மேனேஜர் கைக்குட்டையோடு இருந்தார். நான் கோப்புகளை எடுத்துக் கொடுக்கிற ஆள், கடைசி நாற்காலி.

டாக்டர் அழகாகப் பேசினார். குடல், நரம்பு, எலி, கடல்காரர், தொத்து, கழுவல். “அதனாலதான், கிருமியால வந்த குணத்தைக் கிருமியோடயே எடுத்துடலாம்னு சொல்றேன். சரிதானே எப்சிபா?” என்று பழக்கதோஷத்தில் என் பக்கம் கை காட்டினார்.

எழுந்தேன். பதினெட்டு வருடமாக ஒரே சொல்லுக்குப் பழகிய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பேச்சித்தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரியில்ல சார்” என்றேன்.

நான் தாளைப் பிரித்து வைத்தேன். “சார், கிருமி குடல்ல வேரூன்ற எவ்வளவு நாள் ஆகும்?”

“மூணு வாரம். உங்களுக்கே தெரியுமே.”

“இவங்க ஒண்ணு சேந்து முதல்முறையா ஆலையை எதுத்தது முதல் கேப்சூல் முழுங்கின அதே மத்தியானம், சார். அது வயித்துல கரையக்கூட இல்ல. பதினோரு மணிக்கு உக்காந்தது ஒம்பதாம் நாள். எந்தக் கிருமியும் அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் தைரியம் சொல்லித் தராது.”

தாளைப் பார்த்து, திங்கட்கிழமைகளில் நாலு நிமிடத் தாமதம் எதற்கு என்று நீதிபதி கேட்டார். பேச்சித்தாய் எழுந்து தூக்குவாளிக் கதையை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மேனேஜர் துள்ளிக் குதித்தார். “பாத்தியளா! ஏமாத்து வேலை! ஒப்பந்தத்தை மீறிட்டாவ. எல்லாரையும் வெளிய அனுப்புங்க!”

நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார். “ஆய்வுல சேராதவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. இவங்க குடுக்கலையே. மீறல் எங்கே?” என்றார்.

டாக்டர் நம்பிராஜன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ரோஷக் கட்டுரை போயிற்று, ஆய்வும் போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர் தலையைத் தூக்கியபோது முகம் வேறாக இருந்தது.

“அம்மா, அப்படின்னா ஒவ்வொருத்தரும் வாரத்துக்கு மூணு, நாலு நல்ல கேப்சூல்தான் சாப்பிட்டிருக்கீங்களா?”

“ஆமா டாக்டரே.”

“பாதி மருந்துலயா இவ்வளவு இறங்கியிருக்கு?” அவர் தாளை இழுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். “முப்பது பேருக்குன்னு செஞ்சது அறுபது பேருக்குப் போதுமாயிருக்கு. இது எனக்குத் தோணவே இல்லையே.” பிறகு பேச்சித்தாயைப் பார்த்து, “இதை நீங்கதான் கண்டுபிடிச்சிருக்கீங்க” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருடைய பதினெட்டு வருட ஹலோக்களை நான் மன்னித்தேன்.

கழுவல் வேண்டாம் என்று தீர்ப்பாயிற்று. அறுபது பேருக்கும் கேப்சூல் தொடரும், அவர்கள் எடுத்துக்கொண்ட பாதி அளவிலேயே. பாதியே போதும் என்பதால் இன்னும் கேப்சூல் செய்து புதிதாக ஆள் சேர்க்கலாம், யாருக்கும் மாவு கிடையாது. பதினோரு மணிப் பத்து நிமிடம் சர்க்கரைக்காரர்களின் உடம்புக்குத் தேவை, அதைத் தடுக்கக் கூடாது. மேனேஜர் மட்டும் விடவில்லை. “அப்பம் எங்க இணக்க எண் எதனால விழுந்துச்சு? அதையாவது சொல்லுங்க.”

“அதை அந்தம்மாகிட்டயே கேளுங்க” என்றார் நீதிபதி.

பேச்சித்தாய் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். “வாளியைச் சுத்தி உக்காந்தோம் சார். உக்காந்தா பேச்சு வருமில்லா? பேசுனோம். அவ்வளவுதான்.”

வெளியே தாழ்வாரத்தில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கையைப் பிடிக்கிறார் என்று நினைத்தேன், சட்டைக் கை விலகித் தெரிந்த என் சொந்தச் சர்க்கரைப் பட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். இருநூற்றுப் பதினாலு. ஆய்வகத்தில் யாரிடமும் நான் சொல்லாத எண் அது. வியாதிக்காரி வியாதிக்கு மருந்து செய்கிறாள் என்று பேச்சு வரக்கூடாதென்று சட்டைக் கைக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தேன்.

“எம்மா, ஒனக்கும் இருக்கா? இத்தன நாளு எங்களுக்குச் சொமந்து சொமந்து கொண்டாந்தியே!” சிஸ்டர் போய் எம்மா வந்திருந்தது. “இன்னும் ஆளு சேக்கலாம்னு அந்த நீதிபதியம்மா சொன்னாவல்லா? போ. பேரைக் குடு. திங்கக்கெழமை வாளிக்கிட்ட வா.”

புதிய படிவத்தில் அறுபத்தோராவது பெயராக என் பெயரை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எண்ணை மறைத்த சட்டைக் கையை மேலே மடித்துவிட்டுக்கொண்டேன். காற்று பட்டது சுகமாக இருந்தது.

மாடிப்படி இறங்கும்போது டாக்டர் பின்னாலேயே வந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு படி தயங்கினார்.

“எப்சிபா, பதினெட்டு வருஷத்துல நீங்க ஒரு நாள்கூட என்னை எதிர்த்துப் பேசினதில்ல. இன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி பேசிட்டீங்க. உண்மையைச் சொல்லுங்க. அந்தக் கேப்சூலை நீங்களும் முழுங்கினீங்களா?”

“இன்னும் இல்ல சார்” என்றேன். “திங்கக்கிழமைதான் ஆரம்பிக்கேன்.”